மூலை மழுங்கிய எழுத்து

நாகர்கோவில் என்னும் பெயரைப் பனையோலையில், பழைய கணக்கர்கள் எழுதிய வழக்கப்படி, மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலும், ஓகாரத்துக்கு ஒற்றைக் கொம்பையே போட்டும், ரகரத்துக்கும் காலுக்கும் வேற்றுமை காட்டாமலும் கீறினால், அது 'நாகாகொவில' என்று நிற்கும். ஏட்டைப் பிரித்தவுடன் இங்குள்ள மூன்று கால்களுள் நடுவில் இருப்பது ரகர ஒற்று என்றும், முன்னும் பின்னும் இருப்பவையே மெய்யான கால்கள் என்றும் பிரித்தறிந்து, தயக்கமின்றி ஊர்ப்பெயரை உச்சரித்த நம் முன்னோர்களுக்கு எழுத்து செய்த உதவி பாதி என்றால், ஊரை முன்பே அறிந்திருந்த அவர்களுடைய ஞாபகம் செய்த உதவி மற்றொரு பாதியாகும். ஓலையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தவர்களுக்கு அவகாசமும் இருந்தது. அவ்வூர் வடசேரிப் பேருந்து நிலையத்தில், ஐப்பசி மழை சாய்ந்து பெய்யும் ஒரு மாலை வேளையில், உறுமிக்கொண்டு நகரத் தொடங்கிவிட்ட வண்டியின் நெற்றிப் பலகையைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவனுக்கு அந்த அவகாசம் இல்லை; அவன் வெளியூர்க்காரனாக இருந்துவிட்டால் ஞாபகமும் இல்லை. அவனுக்கு உதவ வேண்டியது எழுத்து ஒன்றுதான்.

அப்படித் தூரத்திலிருந்து உதவுவதற்கென்றே பிறந்த எழுத்துக்களில் ஓர் இனத்தைப் பற்றி இங்கே ஆராயலாம். ரோமன் லிபியில் கோடுகளின் நுனியில் குறுக்காகக் காணப்படும் சிறிய பாதத்துக்குச் செரிஃப் என்று பெயர். அந்தப் பாதம் நீக்கப்பட்ட மொட்டைக் கோட்டெழுத்து சான்ஸ் செரிஃப். அந்த மொட்டை நுனிகளையும், கோடு திரும்பும் மூலைகளையும், கூழாங்கல்லை ஆறு உருட்டுவது போல உருட்டிவிட்டால் கிடைப்பதே நம் விஷயமாகிய உருண்டை நுனி எழுத்து. புத்தகத்தின் பக்கத்தில் வரிவரியாக ஓடுவதற்கன்றி, தலைப்பிலும் பெயர்ப்பலகையிலும் விளம்பரத்திலும் இரண்டொரு சொற்களைப் பெரிதாகக் காட்டுவதற்கே இது பெரும்பாலும் பயன்படுவதால், இதனைத் தலைப்பெழுத்து வகையில் சேர்ப்பது மரபு.

தமிழில் இதற்குச் சிறந்த உதாரணம், மும்பையில் உள்ள ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழுவினர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட பலூ என்னும் குடும்பமாகும். ஒன்பது இந்திய லிபிகளுக்கும் ரோமன் லிபிக்குமாக, தடித்த கனமும் உருண்ட நுனியும் கொஞ்சம் விளையாட்டுத்தனமும் கொண்டு வரையப்பட்ட இந்தக் குடும்பத்துக்குக் கதையில் வரும் கரடியின் பெயரைச் சூட்டியவர்கள், பெரும்பாலான லிபிகளின் வடிவங்களுக்கு அந்தந்த மொழியின் உறவுப் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். குஜராத்தி எழுத்து பலூ பாய். வங்காள எழுத்து பலூ தா. தெலுங்கு பலூ தம்முடு. கன்னடம் பலூ தம்மா. மலையாளம் பலூ சேட்டன். ஆதர்ஷ் ராஜன் வரைந்த தமிழ் வடிவம் பலூ தம்பி. முதலில் ஒரே கனத்தில் வந்த இவ்வெழுத்து பின்னர் ஐந்து கனங்களுக்கு விரிந்தது. எவரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வந்ததால் பல்வேறு பலகைகளுக்கும் உறைகளுக்கும் பரவியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்து, அதன்பின் தமிழகத்தோடு இணைந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், விளவங்கோட்டுப் பக்கத்து வீடுகளில் தம்பி என்ற விளியும் சேட்டன் என்ற விளியும் ஒரே முற்றத்தில் கேட்பது சாதாரணம். ஆதலால் இந்தப் பெயர்கள் எங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றுவதில்லை, பொருத்தமாகவே தோன்றுகின்றன. அந்தப் பொருத்தத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால், எழுத்து வடிவமைப்பின் ஒரு பெரிய சிக்கலே அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். சேட்டன் பிறவியிலேயே உருண்டை. மலையாள எழுத்துக்களில் மூலை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. தம்பிக்கோ ட, ப, ம, ய என்று மூலைகள் பல உண்டு. அந்த மூலைகளில்தான் அவனுடைய முகமே இருக்கிறது. அவனை எவ்வளவு உருட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதே கேள்வி.

ஓர் எழுத்து உருண்டையாவதற்கு வரைபவனுடைய ரசனை காரணம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ரசனைக்கு முன்னால் கருவி வந்து நிற்பதையே எங்கும் காண்கிறோம். கண்ணாடிக் குழாயைத் தீயில் வாட்டி வளைத்து, நியான் வாயுவை அடைத்து, அதில் மின்சாரம் பாய்ச்சி எழுதும் விளக்கெழுத்துக்கு அடிப்படையான நியான் விளக்கை ஜார்ஜ் கிளோத் என்னும் பிரெஞ்சுக்காரர் 1910-இல் பாரிஸில் காட்டினார். குழாயைக் கூர்மூலையாக மடக்கினால் அது நசுங்கி உடைந்துபோகும் ஆதலால், நியான் எழுத்து உருண்டையாக இருப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. மரப்பலகையில் சுழலும் வெட்டுளியை ஓட்டி எழுத்துக் குடையும் இயந்திரமும் அப்படியே. உளி சுழல்வதால் அது தொட்ட இடமெல்லாம் வட்டம். கோடு தொடங்கும் இடத்தில் ஓர் அரைவட்டமும் முடியும் இடத்தில் ஓர் அரைவட்டமும் தாமாகவே அமைந்துவிடும். அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் வழிகாட்டி நிற்கும் மரப்பலகைகளின் உருண்டை எழுத்தை எந்த ஓவியரும் கற்பனை செய்யவில்லை. அதைச் செய்தது அந்த உளியின் விட்டம். ட்ரெடில் அச்சுக்கூடங்களில் ஈய எழுத்துக்களைக் கோத்த கம்போஸிட்டர்களைக் கேட்டால் மற்றொரு காரணமும் சொல்வார்கள்: பல்லாயிரம் தடவை தாளில் மோதிய அச்செழுத்தில் முதலில் தேய்வது மூலைதான்; அதன்மேல் மையும் கசிந்து பரவுவதால், பழைய அச்சில் வந்த கல்யாணக் கடிதாசு தானாகவே உருண்டை எழுத்தாகிவிடும்.

இவ்விதக் காரணங்களுள் நம் நாட்டில் மிகவும் பிரசித்தி பெற்றது பனையோலைக் காரணமாகும். பனை நிறைந்த இந்தத் தென்கோடியில் அதை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. ஓலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றன. எழுத்தாணி அந்த நரம்புக்கு இணையாக நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும். நரம்பை வெட்டிக்கொண்டு வளைவாகப் போனால் கிழியாது. ஆகையால் தென்னாட்டு எழுத்துக்கள் வளைந்தன என்பது அந்தச் சித்தாந்தம். இதில் உண்மை உண்டு. ஓலையை இடக்கையில் பிடித்து, அதன் பெருவிரல் நகத்தில் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து, ஆணியை அதிகம் நகர்த்தாமல் ஓலையையே மெல்ல மெல்ல இடப்புறம் தள்ளிக்கொண்டு எழுதுகிறவனுக்கு, கையைத் தூக்காமல் சுழித்துக்கொண்டே போவது சௌகரியம். ஒவ்வொரு மூலையிலும் நின்று திரும்புவது சிரமம். எழுதி முடித்தபின் விளக்குக்கரியைப் பூசித் துடைத்தால் கீறல்களில் மட்டும் கருமை தங்கும். அங்கே கீறல் ஆழ்ந்து கிழிசலாகியிருந்தால் ஏடு பாழ்.

ஆனால் இந்தச் சித்தாந்தத்தை முழுவதும் ஏற்றுக்கொள்வதற்கு எனக்குத் தயக்கம் உண்டு. அதற்குக் காரணம் டகரம். அடியில் நீண்ட படுக்கைக் கோட்டை வைத்திருக்கும் இந்த எழுத்தும், அதைப் போலவே தட்டையான அடியுடைய பகரமும் மகரமும், அதே பனையோலையில், அதே எழுத்தாணியால், பல நூற்றாண்டுகள் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. ஓலையும் கிழியவில்லை, அந்த எழுத்துக்களும் உருண்டுவிடவில்லை. கருவி ஒரு திசையில் தள்ளுகிறது என்பது மெய். எழுதுகிறவர்களின் பழக்கம் அதற்கு எதிர்த்து நிற்கவும் முடியும் என்பதும் மெய்.

இரண்டு திசைகளிலும் சென்ற எழுத்துக்களை அருகருகே வைத்துப் பார்க்க எங்கள் மாவட்டத்தைவிடச் சிறந்த இடம் இல்லை. பாண்டிய நாட்டிலும் சேர நாட்டிலும் தமிழை எழுத வழங்கிய வட்டெழுத்து இங்கே பாறைகளிலும் செப்பேடுகளிலும் இன்றும் கண்முன் நிற்கிறது. மார்த்தாண்டத்துக்கு அருகில் உள்ள சிதறால் மலையில், சமணர்கள் வழிபட்ட குகைக் கோயிலில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் சமணப் பெண் துறவி பொன் அணி அளித்த செய்தி வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. அதே ஆய் குலத்துக் கோக்கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றிப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் திருமாலுக்குக் கோயிலும், தொண்ணூற்றைந்து சட்டர்களாகிய மாணவர்களுக்குச் சாலை என்னும் கல்விக்கூடமும் அமைத்த வரலாற்றைச் சொல்லும் 866-ஆம் ஆண்டுச் செப்பேடும் அந்த லிபியிலேயே எழுதப்பட்டது. வட்டெழுத்து என்ற பெயருக்கு 'வெட்டெழுத்து' என்பதே மூலம் என்று வாதிடுவோரும் உண்டு. சிதறால் பாறையில் வெயில் சாயும் நேரத்தில், கீறல்களின் ஒருபக்கம் நிழல் விழ, அந்த வரிகளைப் பார்த்தவர்கள் அந்த வாதத்தில் அதிகம் ஈடுபடமாட்டார்கள். கல்லில் உளிக்கு எளியது நேர்க்கோடு. அப்படியிருக்க, உளி இவ்வளவு பொறுமையாக வளைந்து வளைந்து சென்றிருக்கிறதென்றால், கல்லின் குணத்தையன்றி, ஓலையில் எழுதிப் பழகிய ஒரு கையின் போக்கையே அது நகல் எடுத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

வட்டெழுத்தின் கதி என்னவாயிற்று? சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் பரவிய பதினோராம் நூற்றாண்டை ஒட்டி அங்கே தமிழெழுத்து அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. திருவிதாங்கூர்ப் பகுதியிலோ பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலும் அது ஓலைகளில் உயிரோடு இருந்தது. அரசியல் மாற்றம் இதற்குப் பெருங்காரணம் என்பதில் சந்தேகமில்லை. எனினும், பிற்கால வட்டெழுத்தை வாசித்தறியும் கல்வெட்டறிஞர்கள் ஒருமுகமாகச் சொல்லும் ஒரு குறையும் உண்டு: பகரம், வகரம், யகரம் முதலிய எழுத்துக்கள் சுழன்று சுழன்று ஒன்றையொன்று ஒத்துப்போய்விட்டன, சொல்லின் பொருளை முதலில் ஊகித்துக்கொண்டுதான் எழுத்தை நிச்சயிக்க வேண்டியிருக்கிறது. அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்த தேரூர்க் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் கவிதைக்குச் செலவிட்ட கண்களை இத்தகைய பழஞ்சுவடிகளுக்கும் செலவிட்டார்கள் என்பதை நினைக்கும்போது, அவர்கள் பாடல்களில் காணும் பொறுமைக்கு வேறொரு பயிற்சிக்களமும் இருந்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உருட்டினால் எழுத்துக்கள் ஏன் ஒன்றுபோலாகின்றன என்பதற்கு நவீன மனோதத்துவ சாஸ்திரம் தெளிவான விடை ஒன்றை வைத்திருக்கிறது. பிரெட் ஆட்னீவ் என்ற அமெரிக்க அறிஞர் 1954-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஓர் உருவத்தைப் பற்றிய செய்தி அதன் எல்லைக்கோடு முழுவதிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, கோடு மிக வேகமாகத் திரும்பும் இடங்களிலேயே குவிந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். தூங்கும் பூனை ஒன்றின் படத்தில் வளைவு மிகுந்த புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை நேர்க்கோடுகளால் இணைத்தார்; வளைவு ஒன்றுகூட இல்லாத அந்த உருவத்தைப் பார்த்த எவரும் அது பூனை என்று உடனே சொல்லிவிடலாம். மூலை என்பது செய்தியின் உறைவிடம்; அதை மழுக்குவது செய்தியைக் குறைப்பது. நேர்க்கோடு எப்படிப் போகும் என்பதைக் கண் முன்கூட்டியே ஊகித்துவிடுகிறது; மூலையில்தான் ஊகம் பொய்த்து, கண் விழித்துக்கொள்கிறது. டகரத்தின் மூலையை முற்றிலும் உருட்டினால் அது ஒரு கொக்கியாகிவிடும். பகரத்தின் இரண்டு மூலைகளையும் உருட்டினால் அது ஆங்கில யூ எழுத்தாகி, பக்கத்தில் ஆங்கிலம் இருக்கும் பலகையில் குழப்பம் விளைக்கும்.

ரகரத்தின் கதை இன்னும் நுட்பமானது. பாதமில்லாத எழுத்து என்ற கொள்கையை ரோமன் லிபியிலிருந்து அப்படியே எடுத்து வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வால்களையெல்லாம் வெட்டப் புகுந்த ஒருவர், ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் வாலையும் வெட்டிவிட்டால் எஞ்சுவது கால். ரோமன் எழுத்தில் செரிஃப் அலங்காரம். அதை எடுத்தாலும் எழுத்து மாறாது. தமிழில் அந்த இடத்தில் இருப்பது அர்த்தம். நாகர்கோவிலின் நடுவில் மறுபடியும் ஒரு கால் வந்து நிற்கும்; மேலே உள்ள புள்ளி ஒன்றே அதை ரகரம் என்று காட்டும். ஆகவே, தமிழ்த் தலைப்பெழுத்தை வரைகிறவர் வாலின் நுனியை உருட்டலாம், வாலைக் குறுக்கலாம். எழுத்தின் கனம் கூடக்கூட அந்த வால் கட்டையாகிக் காலின் அடிப்பருமனில் கரைந்துவிடாதபடி வேண்டுமானால் நீட்டவும் செய்யலாம். ஆனால் நீக்க முடியாது.

மூலை செய்தியைத் தாங்குவது மெய்யானால், அதை இழக்கத் துணிந்து உருண்டை எழுத்தை விரும்புவானேன்? மனிதனுக்கு வளைவின்மேல் ஓர் இயற்கைப் பிரியம் இருப்பதாகச் சில பரிசோதனைகள் சொல்கின்றன. மோஷே பார், மைதால் நேடா ஆகிய இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே வகையைச் சேர்ந்த பொருள்களுள் கூர்மையான விளிம்புடையவற்றையும் வளைந்த விளிம்புடையவற்றையும் 84 மில்லி விநாடி மட்டுமே காட்டியபோது, வளைந்தவற்றையே அதிகம் பேர் விரும்பினார்கள். கூர்மை ஆபத்தின் அறிகுறி என்பதால் மனம் ஒதுங்குகிறது என்பது அவர்களுடைய விளக்கம். முள்ளையும் முருங்கைப்பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வளர்ந்த நமக்கு இதைச் சொல்ல ஒரு பரிசோதனைக்கூடம் வேண்டுமா என்று கேட்கலாம்தான். எனினும் அளந்து சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான பரிசோதனை வேறொன்று. ஜெர்மானிய மனோதத்துவ அறிஞர் கோலர் 1929-இல் எழுதிய நூலில், ஓர் உருண்டை உருவத்தையும் ஒரு கூரிய உருவத்தையும் காட்டி, பொருளற்ற இரண்டு சொற்களில் எது எதற்குப் பெயராகும் என்று கேட்கும் ஒரு விளையாட்டை விவரித்தார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் நிபுணர் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் 2001-இல் இதைப் புதுப்பித்து, 'பூபா', 'கிகி' என்ற சொற்களை அமெரிக்க மாணவர்களுக்கும் தமிழ் பேசுவோருக்கும் கொடுத்தபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் உருண்டையைப் பூபா என்றும் கூரியதைக் கிகி என்றும் சொன்னார்கள். உதடு குவிந்து உருண்டு பிறக்கும் ஒலி உருண்டை வடிவத்தோடும், நாக்கு வெடுக்கென்று தட்டிப் பிறக்கும் ஒலி கூர்மையோடும் மூளையில் எங்கோ கைகோத்துக்கொள்கின்றன. நம் இலக்கணத்தார் வல்லினம் என்றும் மெல்லினம் என்றும் பிரித்ததை இத்துடன் பொருத்திப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரும். டகரமும் பகரமும் வல்லினம், மூலையும் உடையவை. ஞகரமும் ணகரமும் னகரமும் மெல்லினம், சுழிகள் நிறைந்தவை என்று இரண்டு நிமிஷம் மகிழ்ச்சியும் அடையலாம். மூன்றாம் நிமிஷத்தில் மெல்லினமாகிய மகரம் தன் இரண்டு மூலைகளோடும், வல்லினமாகிய தகரம் தன் வளைவோடும் வந்து அந்த மகிழ்ச்சியைக் கெடுத்துவிடும்.

ஆகவே உருண்டை எழுத்து அன்பாகப் பேசுகிறது; ஆனால் கொஞ்சம் குழறிப் பேசுகிறது. அந்தக் குழறல் எந்த அளவில் தொல்லை தரும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு கலை என்பது 8.7 மில்லிமீட்டர், நூறு மீட்டரில் 29 மில்லிமீட்டர், புத்தகத்தைப் பிடிக்கும் முப்பத்தைந்து சென்டிமீட்டரில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு. ஒரு கடைப் பலகையில் எழுத்தின் கோடு நான்கு சென்டிமீட்டர் பருமன் என்றும், அதன் நுனி இரண்டு சென்டிமீட்டர் ஆரத்தில் உருட்டப்பட்டிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்தும், முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்தும்கூட அந்த உருட்சி கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நூறு மீட்டரில் தெரியாது, வெறும் எழுத்தே தெரியும். அதே எழுத்தைப் பத்துப் பாயிண்ட் அளவில் புத்தகத்தில் கோத்தால், கோட்டின் பருமன் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்களவில் நிற்க, நுனியின் உருட்சி கண்ணின் எல்லையையே தொட்டுக்கொண்டிருக்கும். உருண்டையின் இனிமை அங்கே தெரியாது. மூலை இழந்ததால் வந்த நஷ்டம் மட்டும் வரிதோறும் சேர்ந்துகொண்டே போகும். உருண்டை எழுத்தில் முழுப் புத்தகம் அச்சிட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். நாலு பக்கத்துக்குமேல் வாசித்ததில்லை.

பெரிய எழுத்தில் நஷ்டம் குறைவு என்பதற்கு இரவு நேரம் மற்றொரு சாட்சி. இருட்டில் ஒளிரும் எழுத்து, கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறுவதால், தன் எல்லையைத் தாண்டிப் பரந்து தோன்றும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் போன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகள் விரிவாக ஆராய்ந்த விஷயம் இது. அந்தப் பரவலில் மூலை எப்படியும் கரையத்தான் போகிறது. ஒளிப் பலகைக்கு உருண்டை எழுத்தைத் தேர்ந்தெடுப்பவர், கண் செய்யப்போகும் வேலையை முன்கூட்டியே செய்து வைக்கிறார். ஜப்பானியர்கள் தங்கள் சாலைக் குறிகளில் உருண்டை நுனி எழுத்தை நெடுங்காலம் வழங்கி வந்திருக்கிறார்கள். 1979-இல் வோக்ஸ்வாகன் மோட்டார் நிறுவனம் தன் விற்பனையாளர் அமைப்பின் அடையாளத்துக்காக ஓர் உருண்டை எழுத்தை உருவாக்கிக்கொண்டது. பின்னாளில் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளில் பல ஆண்டுகள் குடியிருந்ததும் அதுவே.

மோட்டார் கம்பெனிகளுக்கும் உருண்டை எழுத்துக்கும் இன்னும் ஆழ்ந்த சம்பந்தம் ஒன்று உண்டு. கணினியில் எழுத்து வரைகிறவருக்கு ஓலையும் இல்லை, உளியும் இல்லை. வளைவைத் தரும் எதிர்ப்பு எதுவும் இல்லை. வளைவை அவர் கணக்கினால் உண்டாக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கார்களின் உடல் வளைவுகளுக்காக வகுத்தவர்கள் பிரான்சு தேசத்தில் சிட்ரோயென் தொழிற்சாலையைச் சேர்ந்த டி காஸ்டெல்ஜோவும், ரெனோ தொழிற்சாலையைச் சேர்ந்த பெஸியேவும் ஆவர். வளைவின் தொடக்கமும் முடிவும் இரண்டு புள்ளிகள். அவை ஒவ்வொன்றிலிருந்தும் வளைவைத் தன் பக்கம் இழுக்கும் ஒரு கைப்பிடி. இந்த நான்கும் நின்றால் வளைவு நின்றுவிடும். கால்வட்டம் வேண்டுமென்றால் கைப்பிடியின் நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்கு வைக்க வேண்டும். அப்போதும் கிடைப்பது மெய்யான வட்டம் அன்று. ஆனால் நூறு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தை இப்படி வரைந்தால் வரும் பிழை மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. வட்டத்துக்கு இவ்வளவு நெருங்கிய ஒன்றைக் குறை சொல்வது நியாயமல்ல.

குறை வேறோர் இடத்தில் வருகிறது. கோட்டின் சதுர நுனியை அரைவட்டமாக்கினால், அந்த நுனிப் பகுதியின் பரப்பில் நூற்றுக்கு 21.5 பங்கு மறைந்துவிடுகிறது. ஆகவே சரியாக ஒரே உயரத்தில் வெட்டிய சதுர நுனிக் கோடும் உருண்டை நுனிக் கோடும் அருகருகே நின்றால், உருண்டையே குட்டையாகத் தோன்றும். அதை ஈடுசெய்ய வடிவமைப்பாளர் கோட்டைச் சற்று நீட்டுகிறார், அதாவது கண்ணுக்குச் சரியாக இருப்பதற்காக அளவில் தவறு செய்கிறார். சுழிகளில் அவருடைய கஷ்டம் இன்னும் பெரிது. மூன்று சுழி ணகரத்தைத் தடித்த கனத்தில் வரைந்தால் சுழிகளின் உள்வெளி அடைத்துக்கொள்ளும். கோடு கோட்டோடு சேரும் இடங்களில் கரும்புள்ளி விழும். அங்கெல்லாம் கோட்டை மறைவாக மெலியவைத்து, எழுத்தின் அகலத்தைக் கூட்டி, முழுவதும் ஒரே பருமன்தான் என்று கண்ணை நம்பவைக்க வேண்டும். மேலே வைக்கும் புள்ளியோ, கனத்த எழுத்தின்மேல் கனத்த உருண்டையாக அமர்ந்து, மேல்வரியோடு மோதாமலிருக்க இடம் கேட்கும். இத்தனைக்கும் பிறகு டகரத்தின் மூலைக்கு வருகிறோம். வெளிப்புறத்தை உருட்டி உட்புறத்தைக் கூர்மையாகவே விட்டுவிடுவது ஓர் உபாயம். அன்பு வெளியே, அர்த்தம் உள்ளே.

இந்த உபாயம் கணினியில் பிறந்தது அன்று. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் தூரிகைக்காரர்கள் எனாமல் வண்ணத்தில் எழுத்தின் வெளிவிளிம்பை ஒரே சுழற்சியில் வளைத்து இறக்கிவிட்டு, உள்மூலையைத் தூரிகையின் ஓரத்தால் தனியே குத்தி எடுப்பதைக் கவனித்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதற்கு, வயதில் மூத்த ஒருவர், "கேட்டேளா, கடல்லேந்து பாக்கணும்லா" என்றார், வேலையைத் தொடர்ந்தார்.

லிபியின் பிறவிக் குணத்துக்கு இணங்கி உருட்டியவர்களுக்குக் கிடைத்த வெற்றிக்கு உதாரணம் பழைய திருவிதாங்கூரிலேயே உண்டு. அந்தப் பகுதிக்கு அச்சு புதிதன்று: தமிழெழுத்து அச்சு முதன்முதலில் 1578-இல் கொல்லத்தில், பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' நூலாக வெளிவந்தது. 1820-ஐ ஒட்டி லண்டன் மிஷன் சங்கத்துச் சார்ல்ஸ் மீட் பாதிரியார் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவினார். அடுத்த ஆண்டை ஒட்டியே கோட்டயத்தில் பெஞ்சமின் பெய்லி பாதிரியார் அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். சென்னையிலிருந்து வந்த மலையாள அச்செழுத்துக்கள் சதுரமாக இருந்து அவருக்குத் திருப்தி தராமையால், உள்ளூர்த் தச்சரையும் தட்டாரையும் துணைக்கொண்டு உருண்டை வடிவில் புதிய எழுத்துக்களைத் தாமே வார்த்தார். மலையாள அச்சு இன்றுவரை செல்வது அந்த உருண்டை வழியில்தான். அவர் எழுத்தை உருட்டவில்லை. சதுரமாக்கப்பட்டிருந்த சேட்டனை அவனுடைய பழைய உருவத்துக்குத் திருப்பினார்.

தம்பிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவனை அழைக்கும் இடமறிந்தே அழைக்க வேண்டும். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை நெடுஞ்சாலைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தால், நம் மக்கள் யாரும் கற்பிக்காமலே இதை அறிந்திருப்பதைக் காணலாம். ஐஸ்கிரீம் கடையிலும், நேந்திரங்காய் வற்றல் பொரித்து விற்கும் கடையிலும், பேக்கரியிலும், மழலையர் பள்ளியிலும், பொம்மைக் கடையிலும் உருண்டை எழுத்து இருக்கும். வக்கீல் வீட்டுப் பலகையிலும், நகை அடகுக் கடையிலும், பத்திரப் பதிவு அலுவலகத்திலும் இருக்காது. இரண்டு வருஷங்களுக்கு முன் ஓர் ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவுக்கு யாரோ உருண்டை எழுத்தில் பலகை எழுதி மாட்டியிருந்தார்கள். கட்டுப்போட்ட காலோடு அதன் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் முகத்திலும் அதன் இனிமை பிரதிபலித்ததாகத் தெரியவில்லை.

வடசேரியில் இப்போது பல வண்டிகளின் நெற்றியில் தூரிகைப் பலகை போய், சிறு விளக்குகளை வரிசையாகப் பதித்த மின்பலகை வந்துவிட்டது. பதினாறு வரிசைக்குள் கொம்பும் சுழியும் புள்ளியும் அடங்கியாக வேண்டும். வளைவு என்பது அங்கே படிக்கட்டுதான். ஆயினும் மழையில் நனைந்த இருட்டில் தூரத்திலிருந்து பார்க்கும்போது, விளக்குக்கு விளக்கு ஒளி வழிந்து சேர்ந்து, எந்த வடிவமைப்பாளரும் தொடாமலே எழுத்தெல்லாம் உருண்டையாகிவிடுகின்றன. நாகர்கோவிலின் நடுவில் ரகரத்தின் வாலுக்கென்று இரண்டே விளக்குகள். அவற்றுள் ஒன்று, நான் அங்கே நின்ற ஒரு மாலையில், எரியவில்லை. என் பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊருக்குப் போற வண்டிங்க?" என்று என்னைக் கேட்டார்.